செயலி காட்டும் எண்ணும் அம்மா சொல்லும் எண்ணும்

(ஒக்லாந்து, த்ரீ கிங்ஸ் பகுதியில் நடைபெற்ற தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில், நீரிழிவும் கைத்தொலைபேசிச் செயலிகளும் என்னும் பொருளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். நான் வைத்தியன் அல்லன். கணினி மென்பொருள் எழுதிச் சீவியம் நடத்துபவன். நீரிழிவு உள்ள ஒரு தாயின் மகன். இந்த இரண்டு தகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டே உங்கள் முன் நிற்கின்றேன். ஆகவே, நான் சொல்வதைக் கேட்டு எவரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது உங்களுக்கும் உங்கள் வைத்தியருக்கும் இடைப்பட்ட விடயம்.

ஊரில் இந்நோயைச் சலரோகம் என்றோம், சீனி வருத்தம் என்றோம். இங்கு நீரிழிவு என்று எழுதுகின்றோம். பெயர் எதுவாயினும், இம்மண்டபத்தில் அது நுழையாத வீடு ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. நியூசிலாந்தில் நீரிழிவுடன் வாழ்வோர் தொகை 3 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. தென்னாசியர்களாகிய எமக்கு, உடல் பருக்காமலே, இளமையிலேயே இந்நோய் வருகின்றது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென்று 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு கணக்கிட்டது.

இந்நோயைக் கைத்தொலைபேசியைக் கொண்டே ஆளலாம் என்று இன்று பலரும் சொல்கின்றார்கள். குருதிச் சீனியைக் குறித்துவைக்க, உணவைக் கணக்கிட, நடையை அளக்க, குளிசை எடுக்கும் நேரத்தை நினைவூட்ட என்று எண்ணற்ற செயலிகள் வந்துவிட்டன. எம் பிள்ளைகள் அவற்றை 'அப்' என்பார்கள். அவற்றால் பயன் உண்டா? உண்டு என்பதே என் கருத்து. ஆனால் நான் அதை அறிந்துகொண்ட வழி சற்று வெட்கத்துக்குரியது. அதையே முதலிற் சொல்கின்றேன்.

என் அம்மா எங்களுடன், பிக் கிங் மலையடிவாரத்திலிருந்து பத்து நிமிட நடைத்தூரத்தில் வசிக்கின்றார். அவருக்கு நீரிழிவு வந்து பல ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், நான் அவருடைய கைத்தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவிக் கொடுத்தேன். விரலிற் குத்திப் பரிசோதித்ததும், வரும் எண்ணை அவர் அதில் எழுதவேண்டும். எழுதிய மறுகணம் அது என் தொலைபேசிக்கும் வரும். வேலைத்தளத்தில் இருந்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பெருமை. எண் இலக்குக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. நான்கு மாதங்களாகப் பெரும்பாலும் பச்சையே வந்துகொண்டிருந்தது. சராசரி 7.4 என்று செயலி காட்டியது. மனைவியிடமும் நண்பர்களிடமும் அதைக் காட்டி மகிழ்ந்தேன்.

அதன் பின் குருதிப் பரிசோதனை முடிவு வந்தது. எச்பிஏ1சி 78. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் குருதியிற் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் எண் அது. 78 என்றால் பழைய கணக்கில் 9.3 சதவீதம். சராசரிச் சீனி ஏறத்தாழ 12 ஆக இருந்திருக்கவேண்டும். செயலி சொன்ன 7.4 எங்கே, இந்த 12 எங்கே? நான் பரிசோதனைக்கூடத்தின் மீது ஐயங்கொண்டேன். செயலியின் மீதும் ஐயங்கொண்டேன். தாதியார் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் கைப்பையில் இருந்த பரிசோதனைக் கருவியை வாங்கி, அதன் நினைவகத்தைத் திறந்து பார்த்தார். 13.8, 15.1, 12.6, 14.0 என்று வரிசையாக வந்தன. கருவி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. அம்மா செயலியில் எழுதியவை வேறு எண்கள்.

வாகனத் தரிப்பிடத்துக்கு வந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தார். "மோனை, நீ வேலை முடிஞ்சு களைச்சு வாறாய். சிவப்பைக் கண்டால் உன்ர முகம் மாறுது. சாப்பாட்டு மேசையிலை என்ர கோப்பையையே பாக்கிறாய். அதுதான் நல்ல நம்பராப் போட்டனான்" என்றார்.

அந்தச் செயலியிற் பிழை எதுவுமில்லை. கொடுத்த எண்களை ஒழுங்காகக் கூட்டி வகுத்துச் சராசரி காட்டியது. பிழை, அதை ஒரு காவற்காரனாக வீட்டுக்குள் கொண்டுவந்த என்னிடம் இருந்தது. அம்மா பரிசோதனையைத் தவிர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் விரலிற் குத்தினார். உண்மையான எண்ணைக் கண்டார். அதைத் தனியாகச் சுமந்தார். நான்கு மாதம் அவருடைய சிறுநீரகமும் கண்ணும் காலும் அந்தச் சீனியைத் தாங்கின. நானோ பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கு வந்திருக்கும் இளையோரே, உங்களுட் பலர் பெற்றோரின் தொலைபேசிகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர்கள். கடவுச்சொல் முதல் வங்கிக் கணக்கு வரை உங்கள் கையில்தான் இருக்கின்றது. ஆகவேதான் இதை உங்களுக்கு முன் ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றேன்.

சரி, அவ்வாறாயின் தொலைபேசியால் என்னதான் பயன்? இவ்வினாவுக்கு நான் தேடிய விடைகளுள் மிகத் தெளிவானது இதே ஒக்லாந்து நகரில் இருந்து கிடைத்தது. ஒக்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ரோசி டொப்சன், ரொபின் விற்றேக்கர் முதலானோர் எஸ்எம்எஸ்4பிஜி என்றொரு திட்டத்தை உருவாக்கினார்கள். அது செயலியே அல்ல. சாதாரணக் குறுஞ்செய்தி. எந்தப் பழைய தொலைபேசியிலும் வரும். நியூசிலாந்து முழுவதிலும் எச்பிஏ1சி 65க்கு மேற்பட்ட 366 பேரைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு வழமையான சிகிச்சை, மறு பாதியினருக்கு அதனுடன் குறுஞ்செய்திகள் எனப் பிரித்து ஒன்பது மாதங்கள் பார்த்தார்கள். செய்திகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஆளுக்கும் அவருடைய பண்பாட்டுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. செய்தி பெற்றவர்களின் எச்பிஏ1சி சராசரியாக 8.85 குறைந்தது. பெறாதவர்களுக்கு 3.96 குறைந்தது.

பெறாதவர்களுக்கும் குறைந்ததே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், ஆய்வொன்றில் சேர்ந்துவிட்டோம் என்ற நினைப்பே மனிதரைச் சற்றுத் திருத்தும் போலும். எனினும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உண்மையானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆய்வாளர்கள் அளந்த வேறு பல விடயங்களில் பெரும்பாலானவை மாறவில்லை. மாறிய மிகச் சிலவற்றுள் ஒன்று பாதப் பராமரிப்பு. மற்றொன்று, நோயைச் சமாளிக்கத் தமக்கு ஒரு துணை உண்டு என்ற உணர்வு.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு வைத்தியர் அ. இராமச்சந்திரனும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தோரும் இணைந்து செய்த ஆய்வு, 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வாசலில் வந்து நிற்கும் 537 ஆண்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டு ஆண்டுகள் அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களுள் 18 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. பெறாதவர்களுள் 27 சதவீதத்தினருக்கு வந்தது. இவ்வளவு மலிவான ஒரு கருவியால் இவ்வளவு வேறுபாடா என்று பலரும் வியந்தனர். அதன் பின்னர் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் 2,062 பேரைக் கொண்டு செய்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தபோது, அத்தகைய தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு மருந்து விற்பவன் ஆகிவிடுவேன். செய்தி ஒரு மந்திரம் அன்று. யாருக்கு, யாரிடமிருந்து, எந்த மொழியில், எந்த வேளையில் வருகின்றது என்பதெல்லாம் சேர்ந்தே அது வேலை செய்கின்றது என நான் விளங்கிக்கொள்கின்றேன்.

அதனால் எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். செயலியில் இருந்து என் தொலைபேசிக்கு எண்கள் வரும் வழியை அம்மாவின் முன்னாலேயே நிறுத்தினேன். கருவியும் தொலைபேசியும் புளூடூத் வழியாகத் தாமே பேசிக்கொள்ளும் வகையைத் தெரிந்தெடுத்தோம். எண்ணைக் கையால் எழுதும் தேவை போயிற்று. பதிவுகள் அம்மாவின் தொலைபேசியில் மட்டும் இருக்கும். யாருக்குக் காட்டுவது என்பது அவருடைய முடிவு. மாலை ஏழு மணிக்கு என் மகள் எங்கிருந்தாலும் தமிழில் ஒரு குரற்பதிவு அனுப்புவாள். "அப்பம்மா, குளிசை போட்டாச்சோ? காலைப் பாத்தீங்களோ?" அவ்வளவுதான். அப்பம்மா பதிலுக்கு அவளுடைய தமிழைத் திருத்தி அனுப்புவார். எண் கேட்கப்படுவதில்லை. ஆயினும் மூன்றாவது வாரமே அம்மா தாமாகவே எண்ணைச் சொல்லத் தொடங்கினார், "இண்டைக்கு 13, புட்டுக்கு மாம்பழம் குழைச்சுச் சாப்பிட்டிட்டன்" என்று சிரித்தபடி.

ஆறு மாதங்களின் பின் எச்பிஏ1சி 61. இடையில் வைத்தியர் மருந்தையும் மாற்றினார். அதில் எவ்வளவு மருந்தின் பலன், எவ்வளவு பேத்தியின் பலன் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. மருந்து மாறியதற்கும் காரணம், வைத்தியரின் மேசையில் முதற்தடவையாக உண்மையான எண்கள் வந்ததே.

புட்டு என்றதும் நினைவுக்கு வருகின்றது. உணவைக் கணக்கிடும் செயலிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இவற்றைச் செய்தவர்கள் எம் அடுப்படியைக் கண்டவர்கள் அல்லர். நான் ஒரு செயலியிற் பிட்டு என்று தேடியபோது அது பிட்டா ரொட்டியைக் கொண்டுவந்து காட்டிற்று. சொதிக்குப் பாற்சூப்பைக் காட்டிற்று. ஒடியற் கூழைத் தேடிப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து உண்டு என்று செயலி சொன்னால், அது சரியே. ஆனால் அது சொல்லும் கோப்பை அளவுக்கோப்பை. எம்மவர் கோப்பை என்பது சாப்பிடும் தட்டு. அம்மா ஒரு கோப்பைச் சோறு என்று மனச்சாட்சியோடு எழுதினால், உண்மையில் அது இரண்டரை அளவுக்கோப்பை. படம் எடுத்தால் உணவை இனங்காணும் புதிய செயலிகளும் வந்துள்ளன. படத்தில் இடியப்பம் தெரியும். சொதியில் முதற்பால் விட்டதா கடைசிப்பால் விட்டதா என்பது தெரியாது.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. வீட்டிலுள்ள ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டோம். அம்மா வழமையாக உண்ணும் பன்னிரண்டு உணவுகளை அக்கிண்ணத்தால் அளந்து, சொந்த உணவு என்று செயலியிற் சேர்க்கும் பகுதியில் நாமே எழுதிவைத்தோம். குரக்கன் புட்டு ஒரு கிண்ணம், சிவப்பரிசி இடியப்பம் நான்கு என்பது போல. பிறகு சில நாட்கள் உண்பதற்கு முன்னும், உண்டு இரண்டு மணி நேரத்தின் பின்னும் பரிசோதித்து, எது எவ்வளவு ஏற்றுகின்றது என்று பார்த்தோம். எத்தனை தடவை பரிசோதிக்கலாம் என்பதை உங்கள் தாதியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிசை மட்டும் எடுப்பவர்களுக்கு நாளாந்தம் பல தடவை குத்துவது பெரும்பாலும் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒன்றைப் பிள்ளைகள் இதற்கு ஒதுக்கினாற் போதும். பன்னிரண்டு உணவுகளின் பெயரையும் தமிழில் எழுதச் செய்யுங்கள். அதுவும் ஒரு தமிழ் வகுப்புத்தான்.

அடுத்து அலகு. இதை அவசியம் கேளுங்கள், ஏனெனில் இதில் ஆபத்து உண்டு. நியூசிலாந்தில் குருதிச் சீனியை மில்லிமோல் அலகில் அளக்கின்றோம். இலங்கையிலும் இந்தியாவிலும் மில்லிகிராம் அலகில் அளக்கின்றார்கள். இங்குள்ள எண்ணை 18ஆற் பெருக்கினால் அங்குள்ள எண் வரும். இங்கு 7 என்றால் அங்கு 126. என் சின்னம்மா சாவகச்சேரியில் இருந்து தொலைபேசியில், தனக்கு 140 என்று கவலைப்பட்டார். என் அம்மாவோ, "எனக்கு வெறும் 8தானே, நான் நல்ல சுகம்" என்று தங்கைக்கு ஆறுதல் சொன்னார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான்! எச்பிஏ1சியும் அவ்வாறே. ஊரில் 7 சதவீதம் என்பது இங்கு 53. இந்நாட்டில் 50 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 41 முதல் 49 வரை அதன் முன்நிலை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம் அன்று இது. ஊரில் இருந்து வந்த உறவினர் நிறுவிய செயலியில் அலகு மில்லிகிராமாக இருந்து, இங்குள்ள எண்ணை அதில் எழுதினால் என்னவாகும்? 12 என்று எழுதினால், உயிருக்கு ஆபத்தான தாழ்வு என்று அது நினைக்கும். இன்சுலின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் 46 செயலிகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2015இல் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 67 சதவீதமானவை பொருத்தமற்ற அளவைச் சொல்லிவிடக்கூடிய நிலையில் இருந்தன. நம்ப முடியாத எண்ணை எழுதினாலும், இது சரிதானா என்று திருப்பிக் கேட்கும் ஒழுங்கு பெரும்பாலானவற்றில் இருக்கவில்லை. மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. பத்து வரிகளில் எழுதிவிடக்கூடிய பாதுகாப்பு அது. இன்சுலின் அளவைச் சொல்லும் எந்தச் செயலியையும் உங்கள் நீரிழிவுச் சிகிச்சைக் குழு பார்த்து ஒப்புக்கொள்ளாமற் பயன்படுத்தவேண்டாம். எது நல்ல செயலி என்று தேடுவோர், இந்நாட்டில் ஹெல்திஃபை என்ற பெயரில் இயங்கும் சுகாதார இணையத்தளத்தைப் பாருங்கள். 2023 வரை ஹெல்த் நவிகேட்டர் என்று அழைக்கப்பட்டது அதுவே. அங்கு செயலிகளை ஆராய்ந்து நிறைகுறைகளை எழுதியிருக்கின்றார்கள்.

இன்னொன்று, கைக்கடிகாரமும் மோதிரமும். தோலைத் துளைக்காமலே குருதிச் சீனியை அளக்கும் என்று விளம்பரம் செய்து இணையத்தில் விற்கின்றார்கள். அம்மாவுக்குப் பிறந்தநாட் பரிசாக வாங்கிக் கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அவ்வாறு தாமாகவே சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. நடையை அளக்கக் கடிகாரம் வாங்குங்கள். சீனியை அளக்க வாங்காதீர்கள்.

தகவற் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். உணவைக் குறித்துவைக்கும் பெயர்பெற்ற செயலியான மைஃபிட்னஸ்பாலில் 2018ஆம் ஆண்டு ஏறத்தாழ 15 கோடிக் கணக்குகளின் விபரங்கள் திருடப்பட்டன. பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை. வங்கிக்குப் பயன்படுத்தும் கடவுச்சொல்லை உணவுச் செயலிக்கும் வைக்காதீர்கள்.

இதுவரை முதியோரைப் பற்றியே பேசினேன். இம்மண்டபத்தில் இதன் மறுபக்கமும் இருக்கின்றது. முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் எம்மிடையே உள்ளனர். உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுவதால் வரும் நோய் அது. சீனி தின்றதால் வந்ததன்று, பெற்றோரின் குற்றமுமன்று. கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் அப்பிள்ளைகளிடம் அறிவுரை சொல்ல முற்படும் மாமாமாரும் மாமிமாரும் இதைத் தயவுசெய்து மனதிற் கொள்ளவேண்டும்.

அவர்களுக்குக் கைத்தொலைபேசி உண்மையிலேயே உயிர்க்கருவி. தோலின் கீழ் ஒரு மெல்லிய உணரி இருந்து, சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சீனியின் அளவைத் தொலைபேசிக்கு அனுப்பும். 2024 ஒக்டோபர் முதலாம் திகதியில் இருந்து, முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வுணரிகளையும் இன்சுலின் பம்புகளையும் இந்நாட்டின் மருந்துக் கொள்வனவு அமைப்பான பார்மாக் பொதுநிதியில் வழங்குகின்றது. நீண்டகாலமாக நோயாளரும் பெற்றோரும் கேட்டுப் போராடிப் பெற்ற உரிமை அது. இன்னும் ஒரு படி மேலே சென்று, உணரி சொல்வதைக் கேட்டுத் தொலைபேசிச் செயலியே பம்புக்குக் கட்டளையிட்டு இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முறையும் வந்துவிட்டது. அதை முதலிற் செய்தவை பெரும் நிறுவனங்கள் மட்டுமல்ல. காத்திருந்து பொறுமை இழந்த நோயாளரும் பெற்றோரும் தாமே எழுதிப் பொதுவில் வைத்த மென்பொருள்களும் உண்டு. அத்தகைய மென்பொருளை முறையாகச் சோதித்த ஆய்வு இந்நாட்டிலேயே நடந்தது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டி பொக் தலைமையில், 7 வயது முதல் 70 வயது வரையான 97 பேரைக் கொண்டு 24 வாரங்கள் நடந்த கிரியேட் ஆய்வு 2022இல் வெளிவந்தது. அம்முறையைப் பயன்படுத்தியோர், ஏனையோரைவிட நாளொன்றுக்கு 3 மணி 21 நிமிடம் கூடுதலாகச் சரியான அளவுக்குள் இருந்தனர். பெற்றோர் எழுதத் தொடங்கிய மென்பொருள் என்பதாலோ என்னவோ, அந்த 3 மணி 21 நிமிடம் என் மனதிற் பதிந்துவிட்டது.

ஆனால் இங்கும் அதே முகம் மாறும் கதை உண்டு. பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மகளின் சீனியைத் தாய் நள்ளிரவிற் தன் தொலைபேசியிற் பார்க்கின்றார். உடனே அழைக்கின்றார். என்ன சாப்பிட்டாய், யாருடன் இருந்தாய்? சில மாதங்களில் மகள் பகிர்வை நிறுத்திவிடுகின்றாள். பெற்றோரே, தாழ்வு எச்சரிக்கைக்கு மட்டும் அழைப்பது, உயர்வைப் பற்றி அவளாகச் சொன்னால் மட்டும் பேசுவது என்று முன்கூட்டியே இருவரும் பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். தொலைபேசியை மௌனமாக்கினாலோ, இயங்குதளத்தைப் புதுப்பித்தாலோ இந்த எச்சரிக்கை ஒலிகள் வராமற் போகலாம் என்று 2025 பெப்ரவரியில் அதே அமெரிக்க நிர்வாகம் அறிவுறுத்தியது. ஒலி அமைப்பை இடைக்கிடை பார்த்துக்கொள்ளுங்கள். உணரி அளப்பது தோலின் கீழுள்ள நீர்மத்தை என்பதால், அது குருதிக்குச் சில நிமிடங்கள் பிந்தியே வரும். உடல் நடுங்கி வியர்த்து, உணரி நல்ல எண்ணைக் காட்டினால், உடலை நம்பி விரலிற் குத்திப் பாருங்கள்.

கந்தசட்டி விரதம் வரும் காலம். ஆறு நாட்கள் விரதமிருக்கும் பெரியோர் எம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு எந்தச் செயலியும் இதைச் சொல்லப்போவதில்லை. கிளிக்லசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் உண்ணாதிருந்தால், சீனி 4க்குக் கீழே இறங்கி மயங்கி விழலாம். எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர் நீண்ட நேரம் உண்ணாதிருந்தால், சீனி சாதாரணமாகத் தோன்றும்போதே குருதியில் கீட்டோன் அமிலம் கூடி ஆபத்து வரலாம். இந்தக் குளிசை இங்கு 2021 முதல் பொதுநிதியில் கிடைக்கின்றது. எம்மவர் பலர் எடுக்கின்றனர். ஆகவே, காப்புக்கட்டும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னரே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ, "நான் விரதமிருக்கப் போகின்றேன், எந்தக் குளிசையை எப்படி எடுப்பது" என்று கேளுங்கள். சீனி 4க்குக் கீழ் இறங்கினால் விரதம் பார்க்கவேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீரையோ அரைக் கோப்பை பழச்சாற்றையோ அருந்தி, 15 நிமிடத்தில் மறுபடி பரிசோதியுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

வைத்தியரிடம் கேளுங்கள் என்று இலகுவாகச் சொல்லிவிட்டேன். எந்த மொழியில் கேட்பது? எமக்குக் கிடைக்கும் செயலிகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். வைத்தியரும் ஆங்கிலத்தில். இடையில் மொழிபெயர்ப்பது பதினான்கு வயதுப் பேரன். அம்மம்மா தன் சிறுநீர்ப் பிரச்சினையைப் பேரன் முன்னிலையிற் சொல்வாரா? சொல்லமாட்டார். இந்நாட்டில் 1996 முதல் நடைமுறையில் உள்ள சுகாதார, வலுவிழந்தோர் சேவைப் பயனாளர் உரிமைக் கோவையில் ஐந்தாவது உரிமை, விளங்கும் வகையிற் தொடர்புகொள்ளப்படும் உரிமையாகும். தேவையான இடத்தில், நடைமுறைக்கு இயலுமாயின், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறுவதும் அதில் அடங்கும். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்காத மொழியை எவரும் பட்டியலிற் சேர்ப்பதில்லை. நாங்கள் கேட்டபோது முதற்தடவை ஏற்பாடாகவில்லை. இரண்டாந் தடவை தொலைபேசி வழியாக ஒருவர் வந்தார். அன்றுதான் அம்மா, தன் பாதங்கள் இரவில் எரிவதை முதன்முறையாகச் சொன்னார். அதே வீட்டில் இருந்த எனக்கும் அதுவரை தெரியாது.

இளையோருக்கு இன்னுமொன்று. நீங்கள் பெற்றோருக்காக மட்டும் இங்கு வரவில்லை. தென்னாசிய ஆண்கள் 30 வயதிலும் பெண்கள் 40 வயதிலும் இதயநோய் அபாயப் பரிசோதனையைத் தொடங்கவேண்டும் என்று இந்நாட்டின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. ஏனைய பலருக்கு அது 45, 55. நீரிழிவுப் பரிசோதனையும் அதில் அடங்கும். முப்பதைத் தாண்டிய தம்பிமாரே, அம்மாவின் செயலியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் எச்பிஏ1சி என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம்? என்னுடையது 43. ஆம், நானும் வாசலில்தான் நிற்கின்றேன். அதனால் இப்போது மாலையில் அம்மாவும் நானும் பிக் கிங்கைச் சுற்றி நடக்கின்றோம். இப்பகுதிக்கு மூன்று மன்னர் என்று பெயர் தந்த எரிமலைக் குன்றுகளிற் கல்லுடைத்தது போக எஞ்சி நிற்பது அது ஒன்றுதான். அம்மா மேலே ஏறுவதில்லை, அடிவாரத்தோடு நின்றுகொள்வார். என் கடிகாரம் காலடிகளை எண்ணும். அம்மா வழியிற் கண்ட தமிழ் முகங்களை எண்ணுவார்.

இப்போது தேநீர் இடைவேளை. உங்கள் தொலைபேசிகளையும் பரிசோதனைக் கருவிகளையும் கொண்டு பின்வரிசை மேசைக்கு வாருங்கள். செயலியின் அலகு மில்லிமோலில் இருக்கின்றதா, எண்கள் யாருக்குப் போகின்றன என்பதை இளையோர் இருவர் உங்களுடன் இருந்து பார்த்துத் தருவார்கள். எண்களை அவர்கள் பார்க்கமாட்டார்கள் என்று வாக்குத் தந்திருக்கின்றார்கள். சீனி போடாத தேநீர் இடப்பக்கத்தில் உள்ளது. பலகாரத் தட்டு வலப்பக்கத்தில். நான் இடப்பக்கத்தில் நிற்பேன்.